கோடரிக் காம்பும் கூட்டாஞ்சோறும்

தமிழ் நாட்டில் ஒருவனை மனம் நோக வையவேண்டுமானால் நீளமாகப் பேசவேண்டியதில்லை. "கோடரிக் காம்பு" என்ற இரண்டே சொற்கள் போதும். தன் இனத்து மரங்களையே வெட்டி வீழ்த்தத் துணை போகிறது என்பது அந்தக் காம்பின் மேல் சாட்டப்பட்ட குற்றம். குற்றப் பத்திரிகை வாசித்தவர்கள் ஏராளம். காம்பின் கட்சியை எடுத்துப் பேச இதுவரையில் ஒரு வக்கீலும் முன்வந்ததாகத் தெரியவில்லை. சென்ற ஆண்டு தை மாதம் வரையில் நாமும் அதைப் பற்றி ஒரு நிமிஷமாவது சிந்தித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நமக்கு வயது நாற்பத்து மூன்று. அதில் இருபது ஆண்டு உபாத்தியாயர் தொழிலில் கழிந்தது. கையில் பிடித்துப் பழகிய கருவிகள் சாக்குக் கட்டியும் சிவப்பு மைப் பேனாவுந்தான். சுவரில் ஓர் ஆணி அடிக்கவேண்டுமென்றாலும் எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான் பழக்கம். தோசைத் திருப்பியின் மரப்பிடி கழன்று ஆறு மாதமாயிற்று என்று நம் வீட்டு அம்மாள் நாள்தோறும் காலையில், சரியாகத் தோசை வார்க்கும் நேரத்தில், நினைவூட்டி வந்தாள். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாமே என்று நாமும் தவறாமல் யோசனை சொல்லி வந்தோம். யோசனை சொல்வதில் பட்டதாரிகளை மிஞ்ச யாரால் முடியும்?

இப்படிப்பட்ட நாம் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர் நாற்பது பேரை அழைத்துக்கொண்டு தாமிரபரணிக் கரைத் தோப்பு ஒன்றில் கூட்டாஞ்சோறு ஆக்கப் புறப்பட்டோம். திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குக் கூட்டாஞ்சோறு இன்னதென்று சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: தெருப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டு, ஒருவன் வீட்டிலிருந்து அரிசி, இன்னொருத்தி வீட்டிலிருந்து பருப்பு, வேறொருவன் கொல்லையிலிருந்து முருங்கைக்கீரை என்று கொண்டு வந்து, வெளியிலே கல் கூட்டி, எல்லாவற்றையும் ஒரே பானையில் வேகவைத்துச் சாப்பிடும் சோறு அது. மணலிலே சிறு வீடு கட்டிச் சிறுசோறு ஆக்கி விளையாடும் சிறுமியரைப் பற்றிப் பழைய இலக்கியங்கள் பேசுகின்றன. கார்த்திகை மாதத்தில் நெல்லி மரத்தடியில் வனபோஜனம் செய்யும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. திறந்த வெளியில் தீ மூட்டிச் சமைக்கும் ஆசை நமக்குப் பிறவியிலேயே வந்ததுதான் போலும்.

விறகு பிளப்பதற்கென்று முதல் நாள் டவுனுக்குப் போய் ஒரு கோடரி வாங்கினோம். கடை எது என்பது இங்கே வேண்டாம். காம்புக்கு நல்ல சிவப்பு வர்ணம் அடித்துப் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஆட்டிப் பார்த்தால் இரும்பு சிறிது அசைந்தது. தண்ணீரில் ஊறப் போட்டால் இறுகிவிடும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டு வைத்தோம். காலையில் கல்லைப் போல் இறுகியிருந்தது. நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

தோப்புக்காரர் அனுமதித்த புளிய மரத்தின் காய்ந்த கிளை ஒன்று கீழே கிடந்தது. பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாமே வெட்டத் தொடங்கினோம். அப்போது காலை பத்து மணி இருக்கும். மணல் சுட ஆரம்பித்திருந்தது. ஏழாவதோ எட்டாவதோ வெட்டுக்குக் கோடரியை ஓங்கியபோது கை திடீரென்று இலேசாயிற்று. காம்பு கையில் இருந்தது, இரும்பைக் காணவில்லை. பின்னால் "டப்" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்த ஒரு பையன் நனைந்து போய் நிற்கிறான். அவன் இடுப்பில் இருந்த மண் குடம் சுக்கலாகிக் காலடியில் கிடக்கிறது. இரும்பு அவனைத் தாண்டிப் போய் மணலில் புதைந்து கிடந்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத நமக்குக் கை ஓடவில்லை.

பையன் சிரித்தான். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். "ஸார், கோடாலி பறக்குது ஸார்!" என்று ஒருவன் கூவினான். நாம் மணலில் உட்கார்ந்துவிட்டோம். அன்று பொறுக்கிய சுள்ளிகளைக் கொண்டே எப்படியோ சோறு ஆயிற்று. அதன் ருசி என்னவென்று நமக்குத் தெரியாது. அந்தப் பையனுடைய வீட்டுக்கு அன்று மாலையே போய் அவன் தாயாரிடம் நடந்ததைச் சொன்னோம். அவள் அதிகமாக ஒன்றும் பேசவில்லை. "குடம் போனாப் போகுது, பிள்ளை இருக்கானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நம்மைத் திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஊறப்போட்டது ஏன் தவறு என்பதை அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். பௌதிகம் படித்த நாம் முன்பே யோசித்திருக்கவேண்டிய சங்கதிதான். நீரை உறிஞ்சிய மரம் பருக்கும். ஆனால் இரும்புத் துளைக்குள் பருக்க இடம் ஏது? அதனால் நார்கள் நசுங்குகின்றன. வெயிலில் மீண்டும் காயும்போது நசுங்கிய நார் பழைய பருமனுக்குக்கூடத் திரும்புவதில்லை. ஊறப்போடுவதற்கு முன் இருந்ததைவிட அதிகமாகத் தளர்ந்துவிடுகிறது. ராத்திரி இறுகியிருந்த கோடரி, பத்து மணி வெயிலில் நம்மைக் கைவிட்டதன் இரகசியம் இதுதான்.

மறுநாள் அந்தக் காம்பை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிராமத்துத் தச்சாசாரி ஒருவரிடம் போனோம். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். காலை மடக்கி ஒரு மரக்கட்டையை இரு பாதங்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு வாய்ச்சியால் செதுக்கிக்கொண்டிருந்தார். வாய்ச்சி அவர் கால் விரல்களுக்கு இரண்டு அங்குலத் தூரத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த நமக்குத்தான் கால் கூசியது.

"வாங்க வாத்தியார் ஐயா. என்ன, பிள்ளைகளை அடிக்கிற கம்பா?" என்று கேட்டார்.

"இல்லை, பெரியவரே. பிள்ளையைக் கொல்லப் பார்த்த கம்பு" என்றோம்.

அவர் வாய்ச்சியைக் கீழே வைத்தார். நடந்ததை முழுவதும் கேட்டார். பிறகு காம்பை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாட்டில் பார்த்தார். இடுக்கிலிருந்த ஓர் உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்துச் சிவப்பு வர்ணத்தைச் சுரண்டினார். "இந்தா, பாருங்க. ரேகை எப்படி ஓடுது?" என்றார். மரத்தின் நார்க் கோடுகள் நுனியிலிருந்து அடிவரை போகவில்லை. நாலு விரற்கடை ஓடி, சரிந்து, பக்கவாட்டில் வெளியேறிவிட்டன. "பலகையை ரம்பத்திலே அறுத்து எடுத்தது, ஐயா. ரம்பத்துக்கு ரேகை தெரியாது. பிளந்து எடுத்தால் மரம் தன் வழியிலேதான் பிரியும். உங்களுக்கு இரும்பு கழன்றது; நாலு நாள் போயிருந்தால் காம்பே முறிஞ்சிருக்கும். வர்ணம் எதுக்கு அடிச்சான் தெரியுதா?"

தெரிந்தது.

எந்த மரம் நல்லது என்று கேட்டோம். அதற்கு அவர் சொன்ன பதில் அரைமணி நேரம் நீடித்தது. கருவேலின் வைரம் அடி தாங்கும். வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் அதுவே. உசிலையும் உறுதியானது. (தலை தேய்த்துக்கொள்ளும் அரப்பு இந்த உசிலையின் இலைதான் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும், அதன் கட்டையின் பெருமை நமக்கு அன்றுதான் தெரிந்தது.) காட்டிலே வெக்காலி கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை, பளு தூக்கும் காவடித் தண்டுக்கும் வண்டி அச்சுக்கும் அது பேர் போனது. புளி உலக்கைக்கும் கொட்டாப்புளிக்கும் ஏற்றது. மண்வெட்டிக்குக் கல் மூங்கில் போட்டாலும் போடலாம். "தேக்கு?" என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார். "தேக்கு கதவுக்கு ராஜா, ஐயா. அடிக்கிற வேலைக்கு ராஜா வரமாட்டார்."

உலகத்தின் மற்றப் பாகங்களிலும் இதே கதைதான். அமெரிக்கர்கள் கோடரிக் காம்புக்கு ஹிக்கரி மரத்தைத் தேடுகிறார்கள். ஆங்கிலேயர் ஆஷ் மரத்தை நம்பினார்கள். வலிமை மட்டும் இருந்தால் போதாது. அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு வளைந்து நிமிரும் குணமும் வேண்டும். விறைத்து நிற்கும் மரம் அடியின் வேகத்தை அப்படியே மணிக்கட்டுக்கு அனுப்பிவிடும்.

ஆசாரியாரின் வீட்டில் சமையலறை அடுப்புக்கு நேர் மேலே ஒரு பரண். அதில் பிளந்த கருவேலங் கட்டைகள் புகை படிந்து கறுத்துக் கிடந்தன. இரண்டு வருஷத்துச் சரக்கு என்றார். பச்சை மரம் காயும்போது நீளவாட்டில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே சுருங்கும். குறுக்குவாட்டிலோ நூற்றில் ஐந்து முதல் பத்துப் பங்கு வரை சுருங்கும். ஆகையால் பச்சைக் கட்டையில் காம்பு போட்டால் நீளம் அப்படியே இருக்கும். துளைக்குள் மட்டும் இளைத்து ஆடத் தொடங்கும். நிழலிலே மெல்லக் காய்ந்தால் வெடிப்பு விழாது. அடுப்புப் புகை பட்டால் பூச்சி அண்டாது. சோறு வெந்த தீயிலேயே காம்பும் பக்குவப்படுகிறது என்பதை அந்தப் பரணைப் பார்த்த பிறகுதான் அறிந்தோம்.

"ஒன்று செய்து தாருங்கள்" என்று கேட்கத்தான் போயிருந்தோம். ஆனால் வாயிலிருந்து வந்தது, "எனக்குச் சொல்லித் தருவீர்களா?" என்பது. பெரியவர் நம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "சனிக்கிழமை வாங்க" என்றார்.

ஆறு சனிக்கிழமைகள் போனோம். முதல் இரண்டு வாரமும் செதுக்கியது எவ்வளவோ, கெடுத்தது அதைவிட அதிகம். வாய்ச்சியால் உருவம் பிடித்தாயிற்று. அடுத்து உளி, பிறகு அரம், பிறகு கண்ணாடித் துண்டு. கண்ணாடித் துண்டால் சுரண்டும்போது மெல்லிய சுருள் சுருளாக மரம் வரும். அது ஓர் ஆனந்தம். அந்த ஆனந்தத்தில் சுரண்டிக்கொண்டே போய்விட்டோம். பெரியவர் காப்பி குடித்துவிட்டு வந்து காம்பைக் கையில் பிடித்தபோது அது கோடரிக்குச் சேராத குச்சியாகிவிட்டிருந்தது. "மரத்திலே எடுக்கலாம், ஐயா, திரும்ப வைக்க முடியாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வகுப்பில் கணக்குத் தப்பாகப் போடும் பையன்களிடம் நாம் அத்தனை சுருக்கமாகப் பேசியதில்லை என்பது அப்போது உறைத்தது.

இரண்டாவது கட்டையில் அவர் கற்பித்தவற்றுள் மிக முக்கியமானது காம்பின் வடிவம். உருண்டையாக இருக்கக் கூடாது. முட்டை வடிவில் சற்றுத் தட்டையாக இருக்கவேண்டும். உருண்டைக் காம்பு கைக்குள் சுழலும். தட்டைக் காம்பைப் பிடித்ததுமே கோடரியின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதென்று கண் பார்க்காமலே கைக்குத் தெரியும். பருமன் எவ்வளவு? விரல்களை மடக்கிப் பிடித்தால் விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும். அதைவிடப் பருமனானால் பிடி நழுவும். மெலிந்தால் கை இறுக்கிப் பிடித்தே களைத்துப்போகும். அங்குலக் கணக்கு அவரிடம் கிடையாது. "யாருடைய கை?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

இரும்பைக் கோக்கும் முறையும் கடைக்காரர் முறைக்கு நேர் எதிர். அந்தக் கோடரியின் துளை மேல்வாயில் சற்று அகன்றும் கீழ்வாயில் குறுகியும் இருந்தது. பெரியவர் காம்பின் தலையைப் பருமனாக விட்டு, பிடிக்கும் பக்கத்தை அந்தத் துளை வழியாகவே மேலிருந்து கீழே நுழைத்தார். இரும்பு தலைப்பக்கம் வந்து தானாக இறுகிக்கொண்டது. "வீசும்போது இரும்பு வெளியே ஓடத்தான் பார்க்கும். ஓடட்டும். ஓடுகிற வழியிலே மரம் பருத்துக்கொண்டே போகணும். அப்புறம் எங்கே ஓடும்?" கடைக் காம்பில் ஓர் ஆப்பு மட்டுமே இரும்பைக் காவல் காத்தது. இதிலோ ஒவ்வொரு வீச்சும் இறுக்கத்தை அதிகப்படுத்துகிறது. பின்னர் பிராய் மரத்துச் சொரசொரப்பான இலையால் தேய்த்து, வேப்பெண்ணெய் தடவி, இரண்டு நாள் நிழலில் வைத்து எடுத்தோம்.

இங்கே சற்று நம் படிப்பைக் காட்டிக்கொள்ள நேயர்கள் அனுமதிக்கவேண்டும். பின்லாந்து தேசத்தில் ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866-ஆம் ஆண்டிலேயே கைவேலை பள்ளிப் பாடங்களில் ஒன்றாயிற்று. ஸ்வீடனில் நேஸ் என்னும் இடத்தில் ஓட்டோ சாலமன் (1849–1907) உபாத்தியாயர்களுக்கென்றே ஒரு கைவேலைக் கலாசாலை நடத்தினார். அவருடைய பாடத்திட்டத்தில் மாணாக்கன் முதலில் ஒரு சிறு குச்சி சீவுவான். படிப்படியாக ஏறிச் சுத்தியல் காம்பு, கோடரிக் காம்பு வரை போவான். தச்சர்களை உற்பத்தி செய்வது அவர் கருத்தன்று. கண்ணும் கையும் பொறுமையும் ஒருங்கே பழகவேண்டும் என்பதே. நம் நாட்டிலும் காந்தியடிகளின் முயற்சியால் 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூடிற்று. ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு நூற்பு, தச்சு, வேளாண்மை ஆகியவற்றை ஆதாரமாக வைத்துப் பாடத்திட்டம் வகுத்தது. இவற்றையெல்லாம் ஆசிரியப் பயிற்சியின்போது நாம் நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறோம். ஒரு குச்சிகூடச் சீவியதில்லை.

மூன்றாவது சனிக்கிழமை முதல் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவன் குடம் உடைந்த பையன். பிறகு ஐந்து பேர், பிறகு பதினைந்து. கோடரிக் காம்பை அவர்கள் கையில் கொடுக்கும் துணிவு நமக்கு இல்லை. ஆகவே அகப்பை செய்வதென்று முடிவாயிற்று. தேங்காய்ச் சிரட்டையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு துளை. சீவிய மூங்கில் காம்பை ஒன்றில் நுழைத்து மற்றொன்றில் இறுக்கினால் அகப்பை தயார். சொல்வதற்குச் சுலபம்! ஒருவருக்கொருவர் இரண்டு கை நீளம் தள்ளி உட்காரவேண்டும், கத்தியை உடம்புக்கு வெளிப்பக்கமாகவே ஓட்டவேண்டும், எழுந்து நடக்கும்போது கத்தி உறைக்குள் இருக்கவேண்டும் என்று மூன்று சட்டம் போட்டோம். அப்படியும் ஒரு விரலில் இரத்தம் வந்தது. அது சட்டம் போட்ட நம்முடைய விரல்.

வந்த பிள்ளைகளில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். வகுப்பில் வாய் திறக்காதவள். தாயார் கூலி வேலைக்குப் போகிறவள். ஒருநாள் அந்தப் பெண் ஒரு நூல் கயிற்றைக் கொண்டுவந்து பெரியவரிடம் நீட்டினாள். அதில் இரண்டு முடிச்சு இருந்தது. "இது எங்க அம்மா கை, தாத்தா. மம்பட்டிக் கணை அப்பாவுக்குப் போட்டது. அம்மாவுக்குப் பிடிக்கவே எட்டமாட்டேங்குது. கையெல்லாம் கொப்புளம்" என்றாள். தகப்பனார் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. மண்வெட்டியின் இரும்பு தேய்ந்தும் கணை மட்டும் அவர் கைக்கு ஏற்றபடியே இருந்தது. அளந்து பார்த்தோம்: சுற்றளவு ஐந்தரை அங்குலம். தாயாரின் கைக்கு நாலேகால் அங்குலம் போதும்.

பழைய கணையைச் செதுக்கிச் சிறிதாக்கிவிடலாமே என்று நாம் நம்முடைய வழக்கப்படி யோசனை சொன்னோம். அந்தப் பெண் தலையை அசைத்தாள். அது அப்பாவுடையது, அப்படியே இருக்கட்டும் என்றாள். பெரியவர் பரணிலிருந்து ஒரு கட்டையை எடுத்து அவள் முன்னால் போட்டார்.

பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆற்றங்கரைக்குப் போனோம். சென்ற தடவை போல் அல்ல. இந்தத் தடவை பெரியவரும் உடன் வந்தார். புது நெல்லிக்காய் ஊறுகாய் ஒரு ஜாடி கொடுத்தனுப்பி நம் வீட்டு அம்மாளும் தன் பங்கைச் செலுத்தினாள். கோடரி ஏறி இறங்கியது. பிள்ளைகள் இருபதடி தள்ளி நின்றார்கள். இருபது வெட்டுக்கு ஒரு தரம் நிறுத்தி இரும்பை அசைத்துப் பார்த்துக்கொண்டோம். அது அசையவில்லை, ஆனாலும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அடுப்புக்கு மூன்று கல் வேண்டுமென்றதும் இரண்டு பையன்கள் ஆற்றுக்குள்ளிருந்து வழவழப்பான கற்களைத் தூக்கி வந்தார்கள். பெரியவர் தடுப்பதற்குள் தீ மூட்டியாயிற்று. சிறிது நேரத்தில் ஒரு கல் பட்டாசு போல் வெடித்துச் சிதறிற்று. நல்ல காலம், பானை இன்னும் ஏறவில்லை; அருகிலும் யாரும் இல்லை. நீருக்குள் கிடந்த கல்லின் நுண்ணிய வெடிப்புகளில் ஈரம் புகுந்திருக்கும். சூட்டில் அது நீராவியாகும்போது வெளியேற வழியில்லாவிட்டால் கல்லைப் பிளந்துகொண்டு புறப்படுகிறது. கரைக்கு மேலே வெயிலில் காய்ந்து கிடந்த கற்களைக் கொண்டுவந்து வைத்தோம்.

தீயைப் பற்றி இரண்டு வார்த்தை. புதிதாகச் சமைக்கிறவர்கள் கொழுந்து விட்டு எரியும் தீயைக் கண்டதும் பானையை ஏற்றிவிடுகிறார்கள். விறகு எரிவது ஒரே காரியம் என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது மூன்று கட்டம். முதலில் கட்டையிலுள்ள ஈரம் வெளியேறுகிறது; புகையும் கண்ணீரும் அப்போதுதான். பிறகு கட்டையிலிருந்து கிளம்பும் ஆவிகள் தீப்பிடித்துச் சுவாலையாகின்றன. கடைசியில் மிஞ்சுவது கரி. அது சுவாலையின்றிக் கனன்று கொண்டிருக்கும் தணல். பனையோலையும் சருகும் தீயைப் பிறப்பிக்கும். சுள்ளி அதை வளர்க்கும். புளியங்கட்டையும் கருவேலங்கட்டையும் நின்று சோறாக்கும். உலை கொதிக்கும் வரை சுவாலை வேண்டும். அரிசி வேகத் தொடங்கியபின் தணல் போதும். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஈர மண்ணையோ சாம்பலையோ குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றினால் கரி மண்ணோடு போய்விடும், துலக்குகிறவர்கள் வாழ்த்துவார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது: அரளிக் குச்சியை விறகாகவும் கிளறும் கோலாகவும் தொடவே வேண்டாம். அதில் விஷம் இருக்கிறது.

அரிசி ஐந்து கிலோ, துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ. கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய், முருங்கைக்கீரை. தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம் ஆகியவற்றை ஒருத்தி வீட்டிலேயே அரைத்துக்கொண்டு வந்திருந்தாள். பருப்புப் பாதி வெந்ததும் அரிசி, பிறகு காய், பிறகு கீரை, புளிக்கரைசல் கடைசியில் என்று வரிசை சொல்லியிருந்தோம். ஆனால் ஒரு சுறுசுறுப்பான பையன் பருப்போடு புளியையும் ஊற்றி உபகாரம் செய்துவிட்டான். முக்கால் மணி நேரம் கொதித்தும் பருப்பு சரளைக் கல்லாகவே கிடந்தது. புளிப்பு சேர்ந்தால் பருப்பும் காயும் எளிதில் மிருதுவாவதில்லை என்று வீட்டிலே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். காரணம் ரஸாயனப் புத்தகத்தில் இருக்கிறது. அனுபவம் அன்று பானையில் இருந்தது. அந்தப் பருப்பை இறக்கி ஒதுக்கிவிட்டு, கைவசம் மிச்சமிருந்த அரைக் கிலோ பருப்பைப் போட்டு மறுபடி தொடங்கினோம்.

பிள்ளைகள் செய்த அகப்பைகளுக்கும் அன்றுதான் பரீட்சை. காம்பு அழகாயிருக்கவேண்டுமென்று ஒரு சாண் நீளத்தில் வெட்டியவர்கள் தணலுக்கு அருகே கை கொண்டுபோக முடியாமல் தவித்தார்கள். இரண்டடி விட்டவர்கள் வெற்றி முகத்துடன் கிளறினார்கள். நாலு அகப்பைகள் சிரட்டை கழன்று சோற்றுக்குள்ளேயே மூழ்கிப்போயின. "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்ற பழமொழி அன்று தலைகீழாயிற்று. எல்லாம் முடிந்து பந்தியில் உட்காரும்போது மணி மூன்று. தாமரை இலையில் விழுந்த அந்தச் சோற்றில் சிறிது புகை வாசனை, ஓரளவு உப்புக் குறைவு. மீதம் வைத்தவர் யாரும் இல்லை. புளிப் பருப்பைக்கூடப் பெரியவர் ஒரு கை அள்ளிச் சுவைத்துப் பார்த்து, "ஆப்பு அடிக்க ஆகும்" என்று தீர்ப்பளித்தார்.

தீயை அணைக்கும் வேலையை நாமே செய்தோம். மணலைத் தள்ளி மூடிவிட்டால் தீ அணைந்துவிட்டதென்று பலர் எண்ணுகிறார்கள். மணலுக்கடியில் தணல் மணிக்கணக்காக உயிரோடிருக்கும். பின்னால் வெறுங்காலோடு வரும் குழந்தை அதை மிதிக்கும். தண்ணீரை ஊற்றி, கோலால் கிளறி, மறுபடியும் ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடு இல்லை என்று கண்ட பிறகே நகரவேண்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அது எப்படி மூண்டது என்ற ஆராய்ச்சி ஒரு புறமிருக்கட்டும். கோடையில் காய்ந்த புல் உள்ள இடத்தில் ஒரு தீக்குச்சியையும் கிழிக்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னோம். ஆற்று மணலைத் தவிர வேறெங்கும் அடுப்புக் கூட்டுவதில்லை என்பது அன்று முதல் எங்கள் விதி.

முதலில் கெட்டுப்போன அந்தக் கருவேலங் குச்சி என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். பாதியாக வெட்டி, ஒரு முனையில் துளையிட்டு, தோசைத் திருப்பியின் இரும்பு முனையைச் சூடாக்கி அதில் இறக்கி, அரக்கு வார்த்துப் பூண் போட்டாயிற்று. நம் வீட்டு அம்மாள் அதை இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆறு மாதத்துக்கு இது பரவாயில்லை" என்றாள். கோடரியை எதிர் வீட்டுக்காரர் இரவல் வாங்கிப்போய் மூன்று வாரமாகிறது.

அந்தப் பெண்ணின் மண்வெட்டிக் கணை சித்திரை பிறப்பதற்கு முன்பே தயாராகிவிட்டது. பழைய கணை அவர்கள் வீட்டு இறவாணத்தில் செருகியிருக்கிறது. தாயார் புதியதைப் பிடித்து வேலைக்குப் போன மூன்றாம் நாள், கூட வேலை செய்யும் பெண்கள் ஒவ்வொருவராக அதை வாங்கி வெட்டிப் பார்த்தார்களாம். இப்போது ஆசாரியார் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமைதோறும் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து கைகளின் அளவு எழுதியிருக்கிறது. அத்தை, மேலத் தெரு அக்கா, பெரியம்மா என்று பெயருக்கு எதிரே அங்குலக் கணக்கு. நாலேகால், நாலு, நாலரை, நாலேகால், மூன்றே முக்கால். அந்த மூன்றே முக்காலைத்தான் பெரியவர் நம்பவில்லை. ஆளை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.